கரன்ட் போனா கான்ட்ரா போச்சு

பெயரில்லாத டிவி கேம், திருவிழாக் கடை பிரிக் கேம், டார்ச் வைத்த நோக்கியா... காவிரி டெல்டாவின் பழைய விளையாட்டு மெஷின்களோடு ஒரு ரசிகனின் நாட்கள்

பழைய கம்ப்யூட்டர், பழைய வீடியோ கேம் என்றால் உயிரை விடுகிற ஆசாமி யாராவது தஞ்சாவூருக்கு வந்தால், பெரிய கோயிலுக்கு அடுத்தபடியாக நான் கூட்டிப்போவது பழைய இரும்புக் கடைக்கு. ஒரத்தநாடு, பாபநாசம், மன்னார்குடி, எந்த ஊராக இருந்தாலும் காட்சி ஒன்றுதான். துருப்பிடித்த பம்புசெட் மோட்டார், சைக்கிள் ரிம், உடைந்த பிளாஸ்டிக் குடம், இவற்றுக்கு நடுவே முதுகு பெருத்த 14 இன்ச் டிவிகள் குப்புறக் கிடக்கும். 2006-ல் தி.மு.க. ஆட்சிக்கு வந்ததும் கொடுக்க ஆரம்பித்த இலவச கலர் டிவிகள் அவை. ஐந்து வருடத்தில் மாநிலம் முழுக்க ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். கொடுத்த முதல்வர் வேறு எங்கள் பக்கத்துத் திருக்குவளைக்காரர். காவிரிக் கரை ஊர்களில் அந்த டிவி எட்டிப் பார்க்காத தெரு கிடையாது.

எடைக்குப் போடுகிறவருக்கு அது கண்ணாடியும் பிளாஸ்டிக்கும். என்னைக் கேட்டால், டெல்டா கிராமங்களில் வீடியோ கேம் சாதாரண வீட்டுப் பிள்ளைகள் கைக்கு வந்ததே அந்த டிவியால்தான். வேளாங்கண்ணி திருவிழாக் கடையிலும் நாகூர் கந்தூரிக் கடையிலும் சில நூறு ரூபாய்க்கு ‘டிவி கேம்’ கிடைத்தது. சொருக டிவிக்கு எங்கே போவது? தெருவுக்கு நாலு வீட்டில்தான் டிவி. அங்கேயும் ராத்திரியானால் ‘மெட்டி ஒலி’. ஆன்டெனா ஒயரைப் பிடுங்கிவிட்டு மரியோ ஆட எந்தப் பாட்டி விடுவாள்? “கேம் ஆடினா பிக்சர் ட்யூப் போயிடும்டா” என்பது அன்றைக்கு எல்லா வீட்டிலும் அமலில் இருந்த சட்டம். இலவச டிவி வந்த பிறகுதான் பல வீடுகளில் அந்தச் சட்டம் தளர்ந்தது.

ஜப்பானில் நிண்டெண்டோவின் ஃபேமிகாம் வெளியானது 1983 ஜூலை 15. எங்கள் தெருவில் அதன் நகல் கொடிகட்டிப் பறந்தது 2007 வாக்கில். உலகம் அப்போது பிளேஸ்டேஷன் 3 வாங்கிக்கொண்டிருந்தது. நாங்கள் கால் நூற்றாண்டு பின்னால் இருக்கிறோம் என்று எங்களுக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டோம்.

பள்ளிக்கூடப் பெட்டியும் திருவிழாப் பெட்டியும்

தொண்ணூறுகளில் ‘சாமுராய்’, ‘மீடியா’, ‘லிட்டில் மாஸ்டர்’ என்ற பெயர்களில் இந்த மெஷின்கள் இந்திய நகரங்களில் விற்றன. பின்னால் சீனாவிலிருந்து வந்தவற்றுக்குப் பெயரே இல்லை. அட்டைப் பெட்டியில் ஏதாவது சினிமாப் படம், உள்ளே சாம்பல் நிறப் பிளாஸ்டிக்.

ஒன்றைக் கழற்றிப் பாருங்கள். அடியில் நாலைந்து ஸ்க்ரூ. மூடியைத் தூக்கினால் முக்கால்வாசி காலி இடம். நடுவில் உள்ளங்கை அளவுப் பச்சைப் பலகை. அதன்மேல் தார் சொட்டினாற்போல ஒரு கறுப்பு வட்டம். ஃபேமிகாமின் மூளை, படம் வரைகிற சில்லு, சத்தம் போடுகிற பகுதி, எல்லாம் அந்தக் கறுப்புச் சொட்டுக்குள்ளேயே அடக்கம். ஓரத்தில் மூன்று கால் வைத்த 7805 என்ற ரெகுலேட்டர், அலுமினியத் தகட்டோடு நிற்கும். அடாப்டரிலிருந்து வரும் 9 வோல்ட்டை 5 வோல்ட்டாகக் குறைப்பது அதன் வேலை. மீதியைச் சூடாக வெளியேற்றும். ஒரு மணி நேரம் ஆடிவிட்டுத் தொட்டால் விரல் சுடும்.

அந்தச் சொட்டுக்குள் இருக்கிற மூளையின் பூர்வீகம் பெரிது. 1975-ல் அமெரிக்காவின் மாஸ் டெக்னாலஜி 25 டாலருக்கு விற்ற 6502 என்ற சில்லின் வாரிசு அது. ஆப்பிள் 2-ல் இருந்தது அந்த 6502. காமடோர் 64-ல் இருந்தது அதன் தம்பி. பிரிட்டனின் பிபிசி மைக்ரோவிலும் அதே 6502. அந்த பிபிசி மைக்ரோவைத்தான் 1984-ல் மத்திய அரசு ‘கிளாஸ்’ திட்டத்தின் கீழ், முதல் கட்டமாக 250 பள்ளிகளுக்கு அனுப்பியது. அரசு நிறுவனமான செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் அதை ‘யூனிகார்ன்’ என்ற பெயரில் இங்கேயே செய்யவும் முயன்றது. நாட்டில் எத்தனை லட்சம் பள்ளிக்கூடம், அதில் 250! பெரும்பாலான டெல்டா பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் என்பது பாடப்புத்தகத்தில் இருந்த படம். அரசாங்கம் ராஜமரியாதையோடு கொண்டுவந்து எட்டாமல் போன அதே வம்சத்து மூளை, இருபது வருடம் கழித்து ஊர்பேர் தெரியாத பொம்மையாகத் திருவிழாக் கடை வழியே எங்கள் வீட்டுக்குள் நுழைந்தது. எந்தத் திட்ட அறிக்கையிலும் இது இடம்பெறாது.

சில டிவி கேம்களுக்குக் கீபோர்டும் உண்டு. ‘கம்ப்யூட்டர்’ என்று சொல்லி அப்பாவிடம் காசு வாங்க அது வசதி. கூடவே வரும் கேசட்டைப் போட்டால் டைப்பிங் பழகலாம், பேசிக் மொழியில் நாலு வரி எழுதலாம். எழுதியதைச் சேமிக்க வழி கிடையாது. 2008-ல் ‘பிளேபவர்’ என்றொரு குழு, மும்பைச் சந்தையில் பத்துப் பன்னிரண்டு டாலருக்கு விற்ற இப்படிப்பட்ட மெஷினைப் பார்த்துவிட்டு, இதற்கே பாடம் சொல்லித் தரும் விளையாட்டுகள் எழுதலாமே என்று கிளம்பியது. நல்ல யோசனைதான். ஆனால் அதற்குள் எல்லாரும் மொபைல் பக்கம் திரும்பிவிட்டார்கள்.

சுருதி சரி, தாளம் மந்தம்

நாங்கள் ஆடிய மரியோ, ஜப்பான்காரன் ஆடிய மரியோ இல்லை. இதை நான் கண்டுபிடித்தது பல வருடம் கழித்து, எமுலேட்டரில் அசல் வேகத்தில் ஆடும்போது. பழகிய விரல் எல்லா இடத்திலும் ஒரு கணம் பிந்தியது. முதல் பள்ளத்திலேயே விழுந்தேன்.

காரணம் இதுதான். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டிவி வினாடிக்கு 60 தடவை படம் வரையும். நம் நாட்டில் 1982-ல் கலர் வந்தபோது எடுத்துக்கொண்ட ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறையில் 50 தடவை. மரியோ எத்தனை அடி நகர வேண்டும், அடுத்த ஸ்வரம் எப்போது வர வேண்டும் என்பதையெல்லாம் அந்த விளையாட்டு ‘படத்துக்கு இவ்வளவு’ என்றுதான் கணக்கு வைத்திருக்கிறது. படம் குறைந்தால் எல்லாமே ஆறில் ஒரு பங்கு மெதுவாகும். ஆனால் ஸ்வரத்தின் உயரத்தை முடிவு செய்வது சில்லின் துடிப்பு. அசலில் அது 1.79 மெகாஹெர்ட்ஸ், எங்கள் பக்கத்து நகல்களில் பெரும்பாலும் 1.77. காதுக்கு வித்தியாசம் தெரியாது. ஆக சுருதி அப்படியே இருக்க, காலப்பிரமாணம் மட்டும் இறங்கிவிட்டது. தஞ்சாவூர்க்காரனுக்கு இதைவிடத் தெளிவாக யாரும் விளக்கிவிட முடியாது என்று நினைக்கிறேன்.

சிங்கப்பூரும் வளைகுடாவும் பால் முறை நாடுகள். அதனால் அங்கிருந்து வந்த மெஷின் இங்கே ஒழுங்காகக் கலரில் ஓடியது. அமெரிக்காவிலிருந்து யாராவது ஆசையாக வாங்கிவந்தால், நம்மூர் டிவியில் அது பல நேரம் கறுப்பு வெள்ளையாகத்தான் தெரியும். வந்தவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டுமே!

கேசட் சமாசாரத்தைச் சொல்லாமல் நகர முடியாது. மேலே ‘99999 இன் 1’ என்று போட்டிருக்கும். உள்ளே இருப்பது ஏழெட்டு விளையாட்டு. அதையே நிறம் மாற்றி, கட்டம் மாற்றிப் பட்டியல் முழுக்க நிரப்பியிருப்பார்கள். ஓடவில்லை என்றால் எல்லாரும் செய்த வைத்தியம், வாயால் ஊதுவது. தயவுசெய்து வேண்டாம். மூச்சில் இருக்கும் ஈரம் முனைகளில் களிம்பு ஏற்றும். அன்றைக்கு ஊதியதும் ஓடியது ஊதியதால் அல்ல, வெளியே எடுத்துத் திரும்பச் சொருகியதால். பென்சில் ரப்பரை எடுத்து, அந்தச் செப்பு வரிசையை ஒரே திசையில் மெல்லத் தேய்த்தால் கறுப்பாகத் துகள் உதிரும். அடியில் பளிச்சென்று உலோகம் தெரியும். துடைத்துவிட்டுச் சொருகுங்கள், பத்துக்கு எட்டு ஓடும்.

அந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ மொத்தமே 40 கிலோபைட். மாமா காலையில் வாட்ஸ்அப்பில் அனுப்புகிற வணக்கப் படத்துக்குள் இரண்டு மூன்று மரியோவை அடைக்கலாம். இடம் போதாமல் மேகத்துக்கும் புதருக்கும் ஒரே உருவத்தைப் போட்டு, நிறத்தை மட்டும் மாற்றினார்கள். எத்தனை வருடம் பார்த்தும் எங்களில் ஒருத்தன் அதைக் கவனிக்கவில்லை.

துப்பாக்கியால் வாத்து சுடும் ‘டக் ஹண்ட்’டுக்கு வருகிறேன். அறுவடை முடிந்தால் வயலுக்கு வாத்துக் கூட்டத்தை ஓட்டிக்கொண்டு வருவார்கள். சிந்திய நெல்லைப் பொறுக்கிக்கொண்டு ஆயிரக்கணக்கில் வரிசையாக நடக்கும். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகளுக்கு, டிவியில் வாத்து பறப்பதே அதிசயம். “வாத்து எங்கடா பறக்கும்?” என்று சண்டை. துப்பாக்கியோ அதைவிட அதிசயம். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் இருண்டு, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் வெள்ளைக் கட்டம் தோன்றி மறையும். துப்பாக்கி முனையில் இருப்பது ஒளியை வாங்கும் கண், சுடுவது டிவிதான். வெறும் வெளிச்சம் பட்டால் ஏமாறாமல் இருக்க, அசல் துப்பாக்கியில் ஒரு வடிகட்டி உண்டு. வினாடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் கோடு வரையும் பிக்சர் ட்யூபின் துடிப்பை மட்டும் அது ஏற்கும். எல்.இ.டி. டிவியில் அந்தத் துடிப்பு கிடையாது, படமும் ஒரு கணம் தாமதித்துத்தான் வரும். அதனால் புது டிவியில் எத்தனை தோட்டா போட்டாலும் ஒரு வாத்து விழாது. பழைய இரும்புக் கடையில் நான் ஏன் கண் வைக்கிறேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

மின்வெட்டு என்ற கடைசி வில்லன்

2008-லிருந்து தமிழ்நாட்டில் மின்வெட்டு. 2012-ல் உச்சம். சென்னைக்கு இரண்டு மணி நேரம் என்றால், எங்களுக்கு நாளில் பாதிக்கு மேல் கரன்ட் இல்லை. இலவச டிவி கொடுத்த அதே வருடங்களில்தான் இந்தக் கூத்தும். கையில் மெஷின் இருக்கிறது, டிவி இருக்கிறது, கரன்ட் மட்டும் எப்போது வரும், எப்போது போகும் என்று லைன்மேனுக்கே தெரியாது.

‘கான்ட்ரா’வில் எட்டுக் கட்டங்கள். மூன்று உயிர். மேல் மேல் கீழ் கீழ் இடது வலது இடது வலது, பி, ஏ என்று அழுத்தினால் முப்பது உயிர். கொனாமியில் இருந்த கசுஹிசா ஹஷிமோட்டோ, ‘கிரேடியஸ்’ விளையாட்டைச் சோதிக்கும்போது தனக்கே முடியவில்லை என்று வைத்துக்கொண்ட குறுக்குவழி அது. ஆங்கிலம் தெரியாத பிள்ளைகளும் அந்தச் சங்கதியை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தார்கள். ஆனால் முப்பது உயிர் இருந்து என்ன? அருவிக் கட்டம் தாண்டி, பனிக் கட்டம் தாண்டி ஏழாவதில் நிற்கும்போது ஃபேன் மெதுவாகும். அவ்வளவுதான். ஆட்டத்தைச் சேமிக்க உள்ளே ஒன்றும் கிடையாது. ‘செல்டா’ போன்ற விளையாட்டுகளில் கேசட்டுக்குள்ளேயே பேட்டரி வைத்து ஆட்டத்தைக் காப்பாற்றினார்கள். அந்தக் கேசட்டெல்லாம் எங்கள் பக்கம் நான் கண்டதில்லை. திரும்பக் கரன்ட் வந்தால் முதல் கட்டத்திலிருந்து. முதல் கட்டத்தைக் கண்ணை மூடிக்கொண்டு முடிக்கிற பையன்கள் தெருவுக்குத் தெரு இருந்தார்கள். எட்டாவது கட்டத்தைப் பார்த்தவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்கள்.

கம்ப்யூட்டர் சென்டர்களின் கதை கொஞ்சம் வேறு. அங்கே யூ.பி.எஸ். உண்டு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டாக இருந்தவை ஒவ்வொன்றாகக் கம்ப்யூட்டர் சென்டராக மாறிய தொண்ணூறுகளில், செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாடம் டாஸ், வேர்ட்ஸ்டார். வாத்தியார் டீ குடிக்கப் போனால் ‘டேஞ்சரஸ் டேவ்’, ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’. பின்னதில் இளவரசனின் ஓட்டமும் தாவலும், ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு வீடியோ எடுத்து, அதைப் படம் படமாக வரைந்து கொண்டுவந்தவை. 1989-ல் வந்த விளையாட்டில் அந்த நடையைப் பார்த்து நாங்கள் வாயைப் பிளந்ததில் நியாயம் இருந்தது. கரன்ட் போனதும் யூ.பி.எஸ். கீ, கீ என்று கத்த ஆரம்பிக்கும். மூச்சு நிற்பதற்குள் இளவரசியைக் காப்பாற்ற வேண்டும். விளையாட்டு கொடுத்த ஒரு மணி நேரக் கெடுவைவிட இந்தக் கெடுதான் கடுமையானது.

பென்சில் செல் காலம்

கரன்ட்டை நம்பாத மெஷின்கள் டெல்டாவுக்குக் கடல் வழியாக வந்தன. சிங்கப்பூர், மலேசியா என்றால் எங்களுக்குப் பக்கத்து ஊர் மாதிரி. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் சிங்கப்பூருக்கு எம்.வி. சிதம்பரம் கப்பல் ஓடியது. எண்பதுகளில் தீ விபத்து நடந்து, அதோடு அந்தப் பயணங்களின் காலம் முடிவுக்கு வந்தது. கோடாலித் தைலம், கைலி, டேப் ரிக்கார்டர் நிரப்பி ஊருக்குப் பெட்டி கொண்டுவரும் வழக்கம் பிறகு திருச்சி விமானத்துக்கு மாறியது. கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டைப் பக்கத்து வீடுகளில் கையடக்க விளையாட்டை முதலில் பார்த்தவர்கள் பெரும்பாலும் இந்தப் பெட்டி திறக்கும்போது பக்கத்தில் இருந்தவர்கள்தாம்.

1980-ல் நிண்டெண்டோவின் குன்பெய் யோகோய் கொண்டுவந்த ‘கேம் அண்ட் வாட்ச்’ கால்குலேட்டருக்குச் செய்த சில்லையும் திரையையும் வைத்தே உருவானது. ரயிலில் ஒருவர் சலிப்போடு கால்குலேட்டர் பொத்தான்களை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து வந்த யோசனை. விலை குறைந்து எல்லாரும் சலித்துவிட்ட நுட்பத்தை எடுத்துப் புதுக் காரியத்துக்குப் பயன்படுத்து என்பது அவர் கொள்கை. 1989 ஏப்ரல் 21-ல் வந்த கேம் பாயும் அப்படித்தான். போட்டியாளர்கள் கலர்த் திரை போட்டபோது, அவர் நாலே நாலு பச்சை நிழலோடு நிறுத்திக்கொண்டார். நாலு பென்சில் செல் போட்டால் நாள் முழுக்க ஓடியது. கலர்த் திரை மெஷின்கள் சில மணி நேரத்தில் செல்லை உறிஞ்சிவிட்டு உட்கார்ந்தன. மின்வெட்டைப் பார்த்து வளர்ந்தவனுக்கு யோகோயின் மேல் தனி மரியாதை வருவதில் ஆச்சரியமில்லை.

அசல் கேம் பாய் எல்லார் வீட்டுக்கும் வரவில்லை. வந்தது பிரிக் கேம். பத்துக்கு இருபது கட்டம், இரண்டு பென்சில் செல், ‘9999 இன் 1’ என்ற அதே புளுகு. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் 1984-ல் எழுதிய ‘டெட்ரிஸ்’ பத்து வருடத்துக்குள் திருவிழாக் கடைப் பொம்மையாகி எங்கள் கைக்கு வந்திருந்தது. திரையில் படமே கிடையாது, கறுப்புக் கட்டங்கள்தாம். அதிலேயே கார் ஓட்டினோம், தவளையைச் சாலை தாண்ட வைத்தோம், டாங்கி சுட்டோம். 2018 நவம்பர் 16 அதிகாலை, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரையேறியது. பேராவூரணி, பட்டுக்கோட்டைப் பக்கம் தென்னந்தோப்புகள் படுத்துவிட்டன, மின்கம்பங்களும் அப்படியே. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரன்ட் இல்லை. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் காசு வாங்கிக்கொண்டு செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். ஸ்மார்ட்போன்கள் கல்லாகிவிட்ட அந்த நாட்களில் பரணிலிருந்து ஒரு பிரிக் கேமை இறக்கினேன். செல் போட்டதும் பழைய ராகத்தோடு உயிர் பிழைத்தது. தெருப் பிள்ளைகள் முறை வைத்துக்கொண்டு ஆடினார்கள்.

ஆனால் டெல்டாவில் அதிகம் பேர் ஆடிய கையடக்க மெஷின் எது என்று கேட்டால், பிரிக் கேம் என்றுகூடச் சொல்ல மாட்டேன். நோக்கியா 1100. 2003-ல் வந்தது. தலையில் டார்ச், தூசி புகாத ரப்பர் கீபேட், உள்ளே ‘ஸ்னேக் 2’வும் ‘ஸ்பேஸ் இம்பாக்ட்’டும். பம்புசெட்டுக்கு இலவச மின்சாரம் உண்டு. மும்முனை மின்சாரம் வருகிற நேரம்தான் அன்றைக்கு நம் கையில் இல்லை. ராத்திரி பதினொன்றுக்கு வரும் என்பார்கள், ஒன்றாகும். மோட்டார் கொட்டகையில் துண்டை விரித்து உட்கார்ந்து, கொசு அடித்துக்கொண்டே பாம்பு ஆடிய விவசாயிகளை எனக்குத் தெரியும். அவர்களில் சிலருடைய ஸ்கோரைக் கல்லூரிப் பையன்கள் தொட முடியாது. மோட்டார் ஓட ஆரம்பித்ததும் அதே போனின் டார்ச்சைப் போட்டுக்கொண்டு மடை திருப்பப் போவார்கள். ‘கேமர்’ என்று அவர்களை யாரும் எழுதியதில்லை, நான் எழுதுகிறேன்.

அந்தப் போனுக்குள் இருந்தது பி.எல்.-5சி பேட்டரி. 2007 ஆகஸ்டில், அந்த ரகத்தில் 4 கோடியே 60 லட்சம் பேட்டரி சூடாகக்கூடும் என்று நோக்கியா அறிவித்தபோது, ஊரே போனைத் திருப்பி மூடியைக் கழற்றி எண்ணைப் படித்தது. நோக்கியாவின் ஸ்ரீபெரும்புதூர் ஆலை 2006-ல் திறந்து, 2014 நவம்பர் 1-ல் உற்பத்தியை நிறுத்தியது. பேட்டரி மட்டும் சாகவில்லை. இப்போது திருவிழாக் கடைகளில் தொங்குகிறதே ‘சப் 400 இன் 1’ என்ற கையடக்க மெஷின், அதன் பின்மூடியைக் கழற்றினால் உள்ளே இருப்பது அதே அளவு பேட்டரி. உள்ளே ஓடுவது அதே ஃபேமிகாம் விளையாட்டுகள். பையன் அதில் மரியோ ஆடுகிறான். பேட்டரி தீர்ந்தால் தாத்தாவின் பழைய போனிலிருந்து கழற்றிப் போட்டுக்கொள்கிறான். யோகோய் பார்த்திருந்தால் சிரித்திருப்பார்.

இன்றைக்கு டப்பா பிரிக்காத கேம் பாய்க்கு வெளிநாட்டில் ஆயிரக்கணக்கில் கொடுக்கிறார்கள் என்று நம் பையன்கள் சிலரும் அந்த வேட்டையில் இறங்கியிருக்கிறார்கள். அவரவர் காசு. ஆனால் அந்த ஏக்கம் வேறு ஊர்ப் பிள்ளைப்பருவத்தினுடையது. நம்முடையது பெயரில்லாத சாம்பல் பெட்டி. அதற்கு விலைப்பட்டியல் இல்லாததாலேயே கேட்பாரற்றுப் பரணில் கிடக்கிறது.

பரணில் ஒன்று கிடந்தால் இறக்கிப் பாருங்கள். பிரிக் கேமில் செல் இருந்தால் முதல் வேலையாகக் கழற்றுங்கள். ஒழுகியிருந்தால், சாதாரணப் பென்சில் செல் என்றால் அது அமிலம். ஆப்பசோடாவைக் கரைத்துப் பஞ்சில் தொட்டுத் துடைக்க வேண்டும். அல்கலைன் என்றால் அது காரம். எலுமிச்சைச் சாறு போதும். பிக்சர் ட்யூப் டிவியின் முதுகை மட்டும் நீங்களாகக் கழற்றாதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆயிரக்கணக்கான வோல்ட் உள்ளே தங்கியிருக்கும், அதற்கு மெக்கானிக் வேண்டும். டிவி கேமின் அடாப்டர் தொலைந்து வேறு வாங்குவதாக இருந்தால், 9 வோல்ட் என்று மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள். பின்னின் உள்பக்கம் பிளஸ்ஸா, வெளிப்பக்கம் பிளஸ்ஸா என்று அடாப்டர் மேல் ஒரு சின்ன வட்டப்படம் இருக்கும். மெஷினில் உள்ள படமும் அதுவும் ஒன்றா என்று பார்த்துவிட்டுச் சுவிட்சைப் போடுங்கள்.